வால்தம்ஸ்டோவில் ஒரு கசப்பிலை மரம்

லண்டனில் மூன்று வாரம் இருந்தேன். பாலத்தைப் பார்த்தாயா, மணிக்கூண்டைப் பார்த்தாயா என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். பார்த்தேன். இரண்டும் காலண்டர் படத்தில் இருப்பதைப் போலவே இருக்கின்றன. அவற்றைப் பற்றி எழுத ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது வேறு. ஒரு பெயின்ட் வாளியில் வளர்ந்த செடியையும், அதனால் ஒரு கல்யாணமே கவிழப் பார்த்ததையும் பற்றி.

மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். அப்பா காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா அதே மார்க்கெட்டில் கீரை விற்கிறார். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான்தான். நுழைந்தவள் எம்.எஸ்ஸி. முடிக்கும்வரை வெளியே வரவில்லை. ஆகவே என் பெயரை எங்கே எழுதினாலும் பஞ்சவர்ணம், எம்.எஸ்ஸி. என்றே எழுதுவேன். சலவைக்குப் போட்ட துணியின் சீட்டிலும் அப்படித்தான்.

செடிகளைப் பறித்து, அழுத்தி, உலர்த்தி, தாளில் ஒட்டி நூறு வருஷம் கெடாமல் வைத்திருப்பது ஒரு கலை. அதற்கான பயிற்சிக்குத்தான் என்னை லண்டனுக்கு அனுப்பினார்கள். தங்க இடம் கொடுத்தவர் சிவநேசன் அண்ணன். விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த யாழ்ப்பாணத்துச் சுமதியின் கூடப்பிறந்தவர். வால்தம்ஸ்டோவில், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும் செங்கல் வீடுகளில் ஒன்று அவருடையது. பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. மனைவி புவனா அக்கா. அக்காவின் அப்பா கந்தையா மாமாவும் அவர்களோடு இருந்தார். ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். லண்டனில் அவருக்கு இரண்டே வேலைகள்: சர்க்கரை வியாதியைப் பராமரிப்பது, மற்றவர்களைத் திருத்துவது.

போய் இறங்கிய அன்றே மாமா என்னை உட்கார வைத்து விசாரித்தார்.

"பிள்ளை, நீர் என்ன, டொக்டரோ?"

இல்லை, தாவரவியல் என்றேன்.

"அப்ப பூக்கண்டு வளர்க்கிற வேலை."

பூக்கண்டு என்றால் பூச்செடி என்று புவனா அக்கா எனக்கு விளக்கினார். தாவரவியல் என்றால் பூச்செடி வளர்ப்பதல்ல என்று நான் மாமாவுக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முன் வாசலில் ரோஜா ஒன்று வாடிப்போய் நிற்கிறது, வந்து பாரும் என்றார்.

மறுநாள் பயிற்சிக்குப் புறப்பட்டேன். பயிற்சிக்கூடம் நகரத்தின் மேற்குக் கோடியில். நாங்கள் கிழக்கில். பாதாள ரயிலில் பாதி உலகத்தைக் கடக்க வேண்டும். நகரும் படிக்கட்டில் வலப்பக்கம் நிற்பது அந்த ஊர் வழக்கம், இடப்பக்கம் அவசரக்காரர்களுக்கு. எனக்கு யாரும் சொல்லவில்லை. இடப்பக்கம் நின்றேன். பின்னால் ஒருவர் "எக்ஸ்கியூஸ் மீ" என்றார். மன்னிப்புக் கேட்கிறாரே, நல்ல மனிதர் என்று நினைத்து, பரவாயில்லை என்றேன். மறுபடி சொன்னார். மறுபடி மன்னித்தேன். கீழே போய்ச் சேர்வதற்குள் எனக்குப் பின்னால் ஒரு சிறிய ஊர்வலமே திரண்டிருந்தது.

பயிற்சிக்கூடத்தில் மத்தியானம் வெள்ளரிக்காயைச் சீவி ரொட்டிக்குள் படுக்க வைத்துக் கொடுத்தார்கள். அதில் உப்பு இல்லை, உறைப்பு இல்லை, சூடும் இல்லை. ஆஸ்பத்திரியில் பத்தியத்தில் இருப்பவருக்குக்கூட எங்கள் ஊரில் ஒரு மிளகு ரசம் உண்டு. மாலையில் வீட்டுக்கு ஓடி வந்து புவனா அக்காவின் புட்டையும் சொதியையும் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. சொதி என்பது தேங்காய்ப்பாலில் செய்த மஞ்சள் நிறக் குழம்பு. புட்டோடு குழைத்துத் தின்றால் ஒரு நாள் ரொட்டியை மன்னிக்கலாம்.

அன்று நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டு அம்மா வந்தார். பெயர் ங்கோசி. தமிழில் ங என்ற எழுத்துக்குச் சொல்லின் தொடக்கத்தில் வேலையே கிடையாது. சும்மா சம்பளம் வாங்கும் எழுத்து என்று சிறுவயதிலேயே அதன் மேல் எனக்குக் கோபம். முதன்முறையாக அது வேலைக்கு வந்திருப்பதைப் பார்த்து மகிழ்ச்சியாக இருந்தது. நைஜீரியாக்காரர், வால்தம்ஸ்டோவிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். உரத்த குரல். கையில் ஒரு பெரிய பெயின்ட் வாளி, அதில் என் உயரத்துக்கு ஒரு செடி, பச்சைப் பசேலென்று நீண்ட இலைகள்.

ஒரு வாரம் மான்செஸ்டருக்குப் போகிறாராம், அங்கே வேலை பார்க்கும் மகளை அழைத்துவர. இரவில் குளிர ஆரம்பித்துவிட்டது. ஆளில்லாத வீட்டில் செடி செத்துப்போகும். உங்கள் சமையலறை சூடாக இருக்கும், வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். புறப்படும்போது மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னார்: வேண்டுமானால் கொஞ்சம் இலை கிள்ளிச் சமைத்துக்கொள்ளுங்கள், கசக்கும், ஆனால் உடம்புக்கு நல்லது.

கசக்கும் என்றதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். சர்க்கரைக்கும் நல்லதா என்று கேட்டார். சர்க்கரைக்கும்தான் என்று ங்கோசி அம்மா சொல்லிவிட்டுப் போனார்.

என்ன இலை, தின்னலாமா என்று புவனா அக்காவுக்குச் சந்தேகம். நான் இருக்கும்போது சந்தேகம் எதற்கு? ஒரு இலையைப் பறித்துப் புத்தகத்துக்குள் வைத்து மறுநாள் பயிற்சிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே அலமாரி அலமாரியாகச் செடிகள் தாளில் ஒட்டிக் கிடக்கின்றன. தேடி, ஒப்பிட்டு, கண்டுபிடித்தேவிட்டேன். வெர்னோனியா. ஆப்பிரிக்காவின் வெப்பமான நாடுகளில் வளரும் குறுமரம். நம் ஊர் வரப்பில் முளைக்கும் பூவாங்குறுந்தலுக்குப் பெரியப்பா முறை. தாளின் மூலையில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் அழகான கையெழுத்தில் 'இலை உண்ணப்படுகிறது' என்று எழுதியிருந்தார். வீட்டுக்கு வந்து, உண்ணத்தக்கது என்று சான்றிதழ் வழங்கினேன்.

எப்படி உண்ணப்படுகிறது என்பதை அந்த வெள்ளைக்காரர் எழுதவில்லை. ங்கோசி அம்மாவும் சொல்லவில்லை. அரிசியை வேகவைத்துத்தான் தின்ன வேண்டும் என்று நாமும்தான் யாருக்கும் சொல்வதில்லை.

சனிக்கிழமை வறை வைப்பதென்று முடிவாயிற்று. இலையை நூலாக அரிந்து, தாளித்து, தேங்காய்ப்பூப் போட்டுச் சட்டியில் ஒரு புரட்டுப் புரட்டி எடுப்பது யாழ்ப்பாணத்து வறை. நாங்கள் பொரியல் என்போம். கொஞ்சம் கிள்ளினோம். அரிந்ததும் அது கைப்பிடியாகிவிட்டது. கீரை வீட்டுப் பெண் எனக்கு அது தெரியாதா? இன்னும் கிள்ளினோம். சட்டியில் போட்டதும் அதுவும் அடங்கிப்போயிற்று. பிறகு கிள்ளுவதை விட்டு உருவ ஆரம்பித்தோம். நுனி கிள்ளினால் செடி நன்றாகக் கிளைக்கும் என்று அறிவியல்பூர்வமாக எடுத்துச் சொன்னேன். கடைசியில் வாளிக்குள் சில குச்சிகள் நின்றன.

கழுவினோமா என்றால், கழுவினோம். முழு இலையாக, ஒருமுறை. அரிந்த பிறகு கீரையைத் தண்ணீரில் காட்டக் கூடாது, சத்தெல்லாம் போய்விடும். மதுரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சமையலில் ஆயிரம் சண்டை உண்டு. இந்த ஒன்றில் இரண்டும் ஒரே கட்சி.

முதல் வாயை வைத்தேன். வேப்பிலை, நிலவேம்பு, பாகற்காய் எல்லாம் தின்று வளர்ந்தவள் நான். அவையெல்லாம் வந்துவிட்டுப் போகும் கசப்பு. இது வந்து, பாய் விரித்து, படுத்துக்கொண்டது. காதுக்குள் கசந்தது. தண்ணீர் குடித்தேன், தண்ணீரும் கசந்தது. சான்றிதழ் கொடுத்தவள் துப்ப முடியுமா? நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்தேன்.

"கசக்குதே?" என்று புவனா அக்கா கேட்டார்.

"எனக்கெண்டா ஒண்டும் தெரியேல்லை," என்றார் மாமா. இரண்டு கண்ணிலும் நீர் தளும்பி நின்றது. "ஊரிலை நாங்கள் சாப்பிடாத கசப்போ."

அண்ணன் வெகுநேரம் மென்றார். உறைப்புத்தான் கொஞ்சம் கூடிவிட்டது என்றார். சமைத்தவர் அக்கா, அவரால் குறை சொல்ல முடியாது. ஆக, எல்லோரும் விழுங்கினோம். அண்ணன் மிச்சத்தை வேலைக்குக் கட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். மாமா தன் அறைக்கு ஒரு பங்கு எடுத்துப்போனார், மருந்தாகச் சாப்பிட. நானும் அறையில் நிதானமாகச் சாப்பிடுகிறேன் என்று கிண்ணத்தோடு எழுந்தேன். இரவுக்குள் சட்டி காலியாகிவிட்டது. இவர்கள் மனிதர்களே அல்ல என்று எண்ணிக்கொண்டேன்.

புதன்கிழமை மாலை தொலைபேசி மணி அடித்தது. புவனா அக்கா எடுத்து, ஆங்கிலத்துக்கு நடுவிலும் ஓம் ஓம், அதாவது ஆமாம் ஆமாம், என்று தலையாட்டிக்கொண்டே பேசினார். வைத்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பேசியது ங்கோசி அம்மா. வெள்ளிக்கிழமை வருகிறார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகளைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா நாக்கு நீளமானவராம். இந்த இலையில் செய்யும் சூப்புத்தான் அவர்கள் ஊரில் விருந்தாளிக்கு வைக்கும் மரியாதை. லண்டனில் எல்லோரும் பாக்கெட்டில் வரும் காய்ந்த இலையைப் போட்டு ஏமாற்றுகிறார்கள், பச்சை இலையில் சூப்பு வைக்க இங்கே ஒரு பெண்ணும் இல்லை என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். என் வீட்டில் மரமே இருக்கிறது, வந்து சாப்பிட்டுப் பார் என்று ங்கோசி அம்மா சவால் விட்டிருக்கிறார். என் மரம் எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் இப்போது போன் செய்தாராம்.

"நான் நல்லா இருக்கெண்டு சொல்லிப்போட்டன், தங்கச்சி," என்றார் அக்கா.

"அதுக்கென்ன," என்றார் மாமா. "மரம் நல்லாத்தானே இருக்கு. இலைதானே இல்லை."

அவசரக் கூட்டம் கூடியது. அப்டன் பார்க்கில் தமிழ்க் கடையில் குறிஞ்சா இலை வரும், அதுவும் கசப்புத்தான், அதை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்பது மாமாவின் திட்டம். நான் எதிர்த்தேன். குறிஞ்சா வேறு குடும்பம், இது சூரியகாந்திக் குடும்பம்.

"பொம்பிளை கேட்டு வாற சனம் இலையிட குடும்பத்தையோ விசாரிக்கப் போகுது?" என்று கேட்டார் மாமா.

நான் அசையவில்லை. ஒரு செடிக்குப் பதில் இன்னொரு செடியை நிறுத்துவதற்காக என்னை யாரும் படிக்க வைக்கவில்லை. டால்ஸ்டன் சந்தையில் ஆப்பிரிக்காச் சாமான் எல்லாம் கிடைக்கும் என்று அண்ணன் சொன்னார். மறுநாள் எனக்குப் பயிற்சி அரை நாள்தான். வழி காட்ட மாமா வருவதாக ஏற்பாடு.

இத்தனை வருஷம் ரயில்களை அனுப்பி வைத்த மனிதர் என்று நம்பிப் பின்னால் போனேன். சரியான எண்ணுள்ள பஸ்தான். எதிர்த் திசையில் போகும் பஸ். மாடியில் முன் சீட்டில் உட்கார்ந்து மாமா எனக்கு லண்டனை விளக்கிக்கொண்டே வந்தார். வீடுகள் குறைந்துகொண்டே வந்தன. மரங்கள் கூடிக்கொண்டே போயின. டால்ஸ்டன் இவ்வளவு காடாக இருக்குமா என்று கேட்டேன். முன்பெல்லாம் இன்னும் காடு என்றார். கடைசியில் பஸ் சிங்ஃபோர்டில் நின்றது. டிரைவர் மேலே ஏறி வந்து, இதற்கு மேல் பஸ் போகாது, இதற்கு மேல் ஊரும் கிடையாது என்றார். மாமா சற்றும் கலங்கவில்லை. படித்த பிள்ளைக்குக் காட்டைக் காட்டத்தான் கூட்டி வந்தேன், வாரும், இனிச் சந்தைக்குப் போவோம் என்றார். மதுரையில் தவறான பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் ஏறும்போதே திட்டி இறக்கிவிடுவார். லண்டனில் கடைசிவரை மரியாதையாகக் கூட்டிப்போய்த்தான் சொல்கிறார்கள்.

டால்ஸ்டன் சந்தையில் கால் வைத்ததும் எனக்கு மூச்சு வந்தது. சத்தம், ஈரத்தரை, கருவாட்டு நாற்றம், வாழைக்காய், சேப்பங்கிழங்கு, யானைக்கால் பருமனில் ஏதோ கிழங்கு. விலை சொல்வதிலேயே சண்டை. என் அம்மாவைக் கொண்டுவந்து ஒரு சாக்கை விரித்து உட்கார வைத்தால் மத்தியானத்துக்குள் வியாபாரம் சூடு பிடித்துவிடும்.

ஒரு கடைக்கார அம்மாவிடம் கசப்பிலை கேட்டோம். காய்ந்த இலைப் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். பச்சை வேண்டும் என்றேன். பச்சை எங்கே வருகிறது, யாராவது ஊரிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தால்தான் உண்டு என்றார். எதற்கு என்று கேட்டார். இப்படி இப்படி, ஒரு மரம் இருந்தது, சமைத்துவிட்டோம் என்றேன்.

"எத்தனை தடவை கழுவினாய்?"

"ஒரு தடவை. அரிவதற்கு முன்னால்."

அந்த அம்மா பாக்கெட்டைக் கீழே வைத்தார். அரிந்த பிறகு என்று கேட்டார். அரிந்த பிறகு கழுவக் கூடாதே என்றேன். அவர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு பக்கத்துக் கடையைப் பார்த்து அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். கிழங்குக் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். துணிக்கடைப் பெண் வந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு பேர் தெருவைக் கடந்து வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சொல்லப்பட்டது: இவர்கள் கழுவாமல் தின்றிருக்கிறார்கள். யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கூட்டத்திலிருந்து ஒரு வயதானவர் முன்னால் வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமா அதைத் தனக்கு உரியதாகவே ஏற்றுக்கொண்டார்.

துணி துவைப்பதைப் போல என்று அந்தக் கடைக்கார அம்மா எனக்குச் செய்து காட்டினார். அரிந்த இலையைத் தண்ணீரில் போட்டு, இரண்டு கையாலும் கசக்கிப் பிழிந்து, ஊற்றி, மறுபடி கசக்க வேண்டும். நுரை வரும். நுரை நிற்கும்வரை விடக் கூடாது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பாக்கெட் காய்ந்த இலை வாங்கிக்கொண்டோம். திரும்பி வரும்போது மாமா அந்தச் சமையலை நினைத்து வருந்தினார்.

"நல்லதை எல்லாம் கழுவி ஊத்திப்போட்டுச் சக்கையைத் தின்னுறது. அதுக்கொரு சந்தை."

வெள்ளிக்கிழமை மாலை ங்கோசி அம்மா வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை, நேராகச் சமையலறைக்குள் வந்து வாளியின் முன்னால் நின்றார். நான் படித்தவர்களோடு நிறையப் பழகியிருக்கிறேன். ஒரு கணக்கு டீச்சர் எதையாவது எண்ணிப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

"என் மரம் எங்கே?"

"இதுதான் மரம்," என்றேன்.

புவனா அக்கா அழ ஆரம்பித்தார். நான் முன்னால் வந்து, கிள்ளினால் கிளைக்கும் என்ற விஷயத்தை விளக்கினேன். பிறகு காய்ந்த இலைப் பாக்கெட்டைக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். இதே பாக்கெட்டைத்தான் அந்த மாப்பிள்ளையின் அம்மாவும் வாங்குகிறாள் என்றார். சத்தமில்லாமல் சொன்னார். அவர் சத்தமில்லாமல் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. மகள் அடுத்த வீட்டில் பெட்டியைப் பிரித்துப் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பது சுவர் வழியாகக் கேட்டது.

துக்கமோ சந்தோஷமோ, வந்தவருக்கு எதுவும் கொடுக்காமல் இருக்க யாழ்ப்பாணத்து வீட்டால் முடியாது. அக்கா அழுதுகொண்டே ரோல்ஸ் பலகாரம் பொரிக்கலாமென்று ஃப்ரீசரைத் திறந்து துழாவினார். ஐஸ்கிரீம் டப்பா ஒன்று உருண்டு விழுந்து மூடி திறந்தது. உள்ளே ஐஸ்கிரீம் இல்லை. பச்சையாக, பாறையாக உறைந்த வறை.

"ஐயோ, அது என்ர," என்றார் அக்கா, யோசிக்காமல்.

அப்போதுதான் ஷிப்ட் முடிந்து உள்ளே வந்த அண்ணன், தரையில் கிடந்ததைப் பார்த்து நின்றார். பிறகு போய், ஃப்ரீசரின் அடித்தட்டில் மீன் பொதிகளுக்குக் கீழிருந்து தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தார். மாமா இன்னொரு ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து, நான் ஒளிக்கவில்லை, தவணை முறையில் சாப்பிட வைத்திருந்தேன் என்றார். என்னுடையதும் அங்கேதான் இருந்தது. அதை மட்டும் யாருடையது என்று கேட்க அவசியமே இல்லை. பயிற்சியில் கற்றுக்கொடுத்தபடி சீட்டு ஒட்டியிருந்தேன்: வெர்னோனியா, இடம் வால்தம்ஸ்டோ, சேகரித்தவர் பஞ்சவர்ணம், எம்.எஸ்ஸி. கொட்டினால் குப்பைத்தொட்டியில் அக்கா பார்த்துவிடுவார் என்று நான் நினைத்த அதே நினைப்பை அந்த வீட்டில் ஒருவர் விடாமல் நினைத்திருக்கிறார்கள்; அக்கா மட்டும் நாங்கள் பார்த்துவிடுவோம் என்று.

ங்கோசி அம்மா டப்பாக்களை வரிசையாக மேசையில் வைத்தார். நகத்தால் ஒரு துணுக்கைச் சுரண்டி நாக்கில் வைத்தார். எவ்வளவு நேரம் வேகவைத்தீர்கள் என்று கேட்டார். ஒரு புரட்டுத்தான் என்றார் அக்கா. உடனே ங்கோசி அம்மா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கையை மடித்துவிட்டார். அவருடைய பழைய குரல் திரும்பி வந்துவிட்டது.

"பெரிய பேசின் கொண்டு வா. சுடுதண்ணீரைத் திற."

சமைத்த கறியை ஒருவர் கழுவுவதை அன்றுதான் நாங்கள் பார்த்தோம். தேங்காய்ப்பூ மிதந்தது, வழித்து எடுத்தார். வெங்காயம், கறிவேப்பிலை, மிளகாயைப் பொறுக்கச் சொன்னார். பிறகு இலையை அள்ளி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, கடும் அழுக்குப் பிடித்த காலரைக் கசக்குவதைப் போலக் கசக்கினார். நுரை பொங்கியது. ஊற்றினார், நிரப்பினார், மறுபடி கசக்கினார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மாமாவால் பார்க்க முடியவில்லை.

"மருந்தெல்லாம் பைப்புக்குள்ளாலை போகுது," என்று சொல்லிவிட்டு எழுந்து அறைக்குப் போய்விட்டார்.

நுரைக்குக் காரணம் சப்போனின் என்னும் பொருள் என்று நான் எடுத்துச் சொன்னேன். தெரியும், கையை உள்ளே விடு என்றார் ங்கோசி அம்மா. விட்டேன். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. நுரை அடங்கியபோது ஒரு துணுக்கை எடுத்து என் வாயில் வைத்தார். கசப்பு இருந்தது, ஆனால் பாயைச் சுருட்டிக்கொண்டு மரியாதையாக ஓரமாக நின்றது. பச்சை இலையின் வாசனை இருந்தது. நான் இன்னொரு துணுக்கு எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்களையும் அழைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் பட்டாளமாக வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கட்டியிருந்த தலைப்பாகை அகலமானது. வாசலில் பக்கவாட்டாகத் திரும்பித்தான் நுழைந்தார். மாப்பிள்ளை ஒரு மூலையில் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண் பார்க்கப் போகிற இடத்தில் எங்கள் ஊர் ஆண்களும் அப்படித்தான்; உலகம் பூராவும் இந்த ஒரு நாள் மட்டும் அவர்கள் நல்லவர்கள்.

வந்த காரியத்தை நேராகச் சொல்வது அவர்கள் வழக்கம் இல்லை. பெரியவர் ஒருவர் எழுந்து, உங்கள் தோட்டத்தில் ஒரு பூ இருப்பதைப் பார்த்தோம், பறித்துக்கொண்டு போகலாமா என்று கேட்க வந்தோம் என்றார். பறிப்பது என்ற பேச்சு வந்ததுமே எங்கள் வரிசையில் நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

சூப்பு வந்தது. சேப்பங்கிழங்கை மசித்துச் சேர்த்து, செம்பனை எண்ணெயும் கருவாடும் இறைச்சியும் போட்டது. கூடவே இடித்த கிழங்கு, நம் களியைப் போல. உருட்டி, தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். எல்லோரும் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தார்கள். அவர் ஒரு உருண்டை விழுங்கினார். இன்னொன்று விழுங்கினார். பிறகு நிறுத்தினார். விரல் நுனியில் எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

ஒரு கடுகு. எல்லாவற்றையும் பொறுக்கினோம், தாளித்த கடுகை யாரால் பொறுக்க முடியும்?

"இது என்ன?"

ங்கோசி அம்மா என்னைக் கைகாட்டி, "இவர் இந்தியாவிலிருந்து வந்த தாவரவியல் நிபுணர். இவரைக் கேளுங்கள்," என்றார்.

எழுந்து நின்றேன். பயிற்சிக்கூடத்தில் இத்தனை நாளாக ஒரு ஆள் என் கருத்தைக் கேட்டதில்லை. கேட்ட முதல் ஆளுக்கு நான் பொய் சொல்ல முடியாது. உண்மை சொன்னால் ஒரு கல்யாணம் போகும்.

"இது கடுகு," என்றேன். "நல்ல காரியம் என்றால் எங்கள் வீடுகளில் கடுகு வெடிக்காமல் அடுப்பு வேலை தொடங்குவதில்லை."

"அப்படியானால் சமைத்தது நீயா, இவளா?"

"தொடங்கி வைத்தது நாங்கள். சமைத்தது அவர்."

அந்த அம்மா யோசித்தார். கடுகைக் கடித்துப் பார்த்தார். இலை பச்சைதான் என்று சொல்லிவிட்டு மீண்டும் உருட்ட ஆரம்பித்தார். அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். மாப்பிள்ளை முதன்முதலாக நிமிர்ந்து பெண்ணைப் பார்த்தார்.

ஆனால் தட்டைக் காலி செய்ததும் அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, மரத்தைக் காட்டு என்றார்.

ங்கோசி அம்மா அதைக் குளியலறையில், தொட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தார். வேறு வழியில்லை. கூட்டமாக மாடிப்படி ஏறினோம். குளியல் தொட்டியின் நடுவில், பெயின்ட் வாளியில், ஒரு இலைகூட இல்லாமல் குச்சிகள் நின்றன. தலைப்பாகை அம்மா குனிந்து பார்த்தார். ஒரு குச்சியைத் தொட்டு வளைத்துப் பார்த்தார். புவனா அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பரவாயில்லை, முறை தெரிந்தவள்தான்," என்றார் அந்த அம்மா. "நானே கேட்க இருந்தேன். எனக்கு நடுவதற்கு ஒரு கம்பு வேண்டும். கேட்பதற்கு முன்னால் இலையெல்லாம் உருவித் தயாராக வைத்திருக்கிறாள்."

கம்பு நட்டு வளர்க்கிற செடிக்கு இலையை உருவித்தான் நட வேண்டும். இருந்தால் வேர் பிடிக்குமுன் காய்ந்துபோகும். இது பாடத்தில் உள்ளது. ங்கோசி அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் நிபுணர்கள் ஆட்டுவதைப் போலத் தலையை ஆட்டினேன்.

கத்தி வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு நல்ல கம்பு வெட்டிச் செய்தித்தாளில் சுற்றினார்கள். பெண்ணைக் கொடுப்பதாகக் கீழே யாரோ அறிவித்துவிட்டார்கள் போல, கைதட்டல் கேட்டது. எல்லோரும் இறங்கிப் போகும்போது மாமா மட்டும் பின்தங்கி, தனக்கும் ஒரு கம்பு கேட்டார். சர்க்கரைக்கு என்றார். ங்கோசி அம்மா வெட்டிக் கொடுத்து, இந்த முறை தெளிவாகவே சொன்னார்: நன்றாகக் கழுவிச் சாப்பிட வேண்டும்.

மாமா ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். படியில் என்னோடு இறங்கும்போது கம்பை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னார்:

"அவ அப்பிடித்தான் சொல்லுவா, பிள்ளை. கழுவ வேணாம்."